நெகட்டிவ் மேசை: ஸ்கேன் நாட்குறிப்பு

மார்ச் 2

உறைகளைப் பிரித்து நெகட்டிவ்களை மேசையில் பரப்பினேன். எல்லாம் கறுப்பு வெள்ளை, 35 மி.மீ., பெரும்பாலும் ஆறு ஆறு ஃபிரேமாக வெட்டியவை. உறைமேல் தேதி கிடையாது. ஆனால் ஃபிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் பெயரே கொஞ்சம் துப்பு தரும். எச்பி5 பிளஸ் என்று இருந்தால் 1989-க்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது. அந்த ரகம் சந்தைக்கு வந்ததே அந்த ஆண்டில்தான்.

சில துண்டுகளில் வினிகர் வாடை. அசிட்டேட் ஃபிலிம் சிதையும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் அது. பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும் என்பதால் தனியே ஒதுக்கிவிட்டேன். முதலில் ஸ்கேன் ஆகவேண்டியவை இவைதான், நல்ல நிலையில் இருப்பவை காத்திருக்கும். சுருண்டவற்றை உறையோடு தடித்த புத்தகங்களுக்கு அடியில் வைத்தாயிற்று.

மார்ச் 4

இன்று முழுக்கத் தூசிதான்.

ஸ்கேனரில் அகச்சிவப்புக் கதிரை வைத்துத் தூசி நீக்கும் வசதி இருக்கிறது. கலர் நெகட்டிவில் படம் என்பது வெறும் சாயம். அகச்சிவப்பு அதை ஊடுருவிப் போய்விடும். தூசியும் கீறலும் மட்டும் மறிக்கும். மறித்த இடமெல்லாம் குறை என்று மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அதுவும் கதிரை மறிக்கும். அப்புறம் மென்பொருளுக்கு முகம் எது, தூசி எது என்று எப்படித் தெரியும்? சோதனைக்கு ஒரு ஃபிரேமில் போட்டுப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்டன. அணைத்துவிட்டேன்.

இல்ஃபோர்டு எக்ஸ்பி2 மட்டும் விதிவிலக்கு. அதைக் கலர் ஃபிலிமுக்கான சி-41 முறையில் கழுவுவார்கள். கடைசியில் வெள்ளி போய்ச் சாயம்தான் மிஞ்சும் என்பதால் அதற்கு இந்த வசதி நன்றாகவே வேலை செய்கிறது.

மற்றதற்கெல்லாம் ஃபேனை நிறுத்திவிட்டு, ஊதுபந்தால் ஊதி, மென்தூரிகையால் தட்டி, மிச்சத்தைத் திரையில் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத்தான் சரி செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் படத்தை ஓரம் ஓரமாகப் பார்க்க வைப்பதும் அதுவே.

மார்ச் 7

ஃபிலிமின் பளபளப்பான பக்கம் ஸ்கேனரின் கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய் சிந்தியதுபோல் வளையங்கள் விழும். இவை நியூட்டன் வளையங்கள். மங்கலான பக்கம் எமல்ஷன், அதாவது படம் பதிந்திருக்கும் பூச்சு. அது சொரசொரப்பு என்பதால் இந்தத் தொல்லை குறைவு. எமல்ஷனைக் கீழ்நோக்கி ஹோல்டரில், அதாவது ஃபிலிமைப் பிடித்துவைக்கும் சட்டத்தில், வைக்கிறேன். படம் இடவலம் மாறி வரும், மென்பொருளில் திருப்பிக்கொள்ளலாம்.

ஹோல்டரின் உயரமும் முக்கியம். அடியில் காகிதப் பட்டைகளைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பார்த்தேன். முகம் கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை; எடுத்தவரே ஃபோகஸைத் தவறவிட்டிருக்கலாம். கிரெய்ன், அதாவது ஃபிலிமின் துகள் துகளான அமைப்பு, தெளிவாகத் தெரியும் உயரமே சரியான உயரம்.

மார்ச் 8

ஸ்கேனர் பெட்டியில் அச்சடித்திருக்கும் டிபிஐ எண்ணை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதை) நான் நம்புவதில்லை. 2400-இல் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 3400 × 2270 பிக்சல், அதாவது 7.7 மெகாபிக்சல். 4800-க்குப் போனால் கோப்பு நான்கு மடங்கு பெருக்கிறது, கிரெய்ன் மட்டும் அப்படியே இருக்கிறது. 2400 போதும்.

மார்ச் 12

வெளிச்சத்தின் அளவை ஸ்கேனரே தீர்மானிக்கும் தானியங்கி எக்ஸ்போஷரையும் அணைத்தேன். ஒரே சுருளில் அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒன்று வெளுப்பாகவும் ஒன்று கறுப்பாகவும் தருகிறது. போதாக்குறைக்கு, பார்க்கப் பளிச்சென்று இருக்கட்டும் என்று மிக வெளுத்தது, மிகக் கறுத்தது என்ற இரு முனைகளையும் வெட்டிவிடுகிறது. வானத்து மேகம் அதில்தான் காணாமல் போகிறது. இப்போது ஃபிரேம்களுக்கு நடுவே உள்ள வெற்று ஃபிலிமை அளவாக வைத்து, அது முழு வெள்ளைக்குச் சற்று முன்னால் நிற்கும்படி எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுகிறேன். சுருள் முழுக்க அதே அளவு.

சேமிப்பது 16 பிட் கிரேஸ்கேல் டிஃப் கோப்பாக. நெகட்டிவின் டோன்கள் ஒரு குறுகிய இடத்தில் ஒடுங்கிக் கிடக்கும், பிறகு இழுத்து விரிக்க வேண்டும். 8 பிட்டின் 256 படிகளை இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். 16 பிட்டில் 65,536 படிகள். எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். ஷார்ப்பனிங்கும் வேண்டாம், அது கிரெய்னைத்தான் தடிக்க வைக்கும்.

இப்படி வரும் கோப்பு சாம்பல் பூத்து உயிரே இல்லாமல் இருக்கும். இருக்கட்டும். கான்ட்ராஸ்ட் என் கையில்தான் ஏற வேண்டும், ஸ்கேனரின் விருப்பத்தில் அல்ல.

மார்ச் 20

முடிந்த துண்டுகள் பாலிபுரொப்பிலீன் உறைகளுக்குப் போயின. பிவிசி உறை வேண்டவே வேண்டாம், நாளடைவில் ஃபிலிமைக் கெடுக்கும். வினிகர் வாடைத் துண்டுகளுக்கு அமிலமற்ற காகித உறை, வேறு பெட்டி. கோப்பின் பெயரில் சுருள் எண்ணும் ஃபிரேம் எண்ணும் மட்டும்.

அடுத்தது ‘120’ என்ற அகல ரக ஃபிலிம் சுருள்கள். அவற்றுக்கு ஹோல்டர் வேறு. உயரத்தை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.