காய்ச்சல் வார்டு நாட்குறிப்பு

நவம்பர் 6, 2024

மழை பிடித்துவிட்டால் எங்களுக்குக் காய்ச்சல் சீசன். வெளியில் ஒரு வாரம் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்காமல், மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள், ஆடு மேய்க்கும் ஒரு அம்மாவை. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைவு, டெங்கு இல்லை. இரவு டியூட்டியில் மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தார்கள். காலை ரவுண்ட்ஸில் திரையை இழுத்துவிட்டு, "கூச்சப்படாதீங்கம்மா, உடம்பு முழுக்க ஒருதரம் பாத்துடறேன்" என்று தேடினேன். இடது மார்பின் அடி மடிப்பில் இருந்தது, சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அரிக்காது, அதனால் அவருக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. மெரோபெனம் இந்தக் கிருமியிடம் பலிக்காது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாக ஆரம்பித்தாயிற்று.

நவம்பர் 8

காய்ச்சல் விட்டது! இட்லி கேட்டாராம்.

எங்கள் பி.ஜி. (மேல்படிப்பு) மாணவி, "ஒரு மருந்து போதும்னுதானே படிச்சோம், ஏன் மேடம் ரெண்டு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்நின்று நடத்திய ஆய்வு 2023-இல் வந்தது, தீவிர ஸ்க்ரப் டைபஸ் வந்த ஏறக்குறைய 800 பேர். ஒரு மருந்து மட்டும் பெற்றவர்களில் 47, 48 சதவீதம் பேருக்கு மரணமோ, ஒரு வாரத்துக்குப் பிறகும் தீராத சிக்கலோ, விடாத காய்ச்சலோ இருந்தது. இரண்டும் பெற்றவர்களில் அது 33 சதவீதம். மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் அவளுக்குச் சொன்னேன். இரண்டுமே பழைய, மலிவான மருந்துகள், இதைச் சோதித்துப் பார்ப்பதில் எந்தக் கம்பெனிக்கும் லாபம் கிடையாது. நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் இப்படிப்பட்ட கேள்வியைக் கையில் எடுக்க வேண்டும். நான் கல்லூரி வேலையை விடாமல் இருப்பதற்குக் காரணமே இதுதான்.

நவம்பர் 19

உலக நுண்ணுயிர் எதிர்ப்பு விழிப்புணர்வு வாரம், அதாவது கிருமிகளிடம் மருந்து பலிக்காமல் போவதைப் பற்றியது. கூட்டம், பேனர், உறுதிமொழி எல்லாம் நடந்தது. உண்மையான வேலை அதற்கப்புறம் ஐ.சி.யு.வில். சிறுநீர்க் குழாய் போட்ட ஒரு பெரியவர், காய்ச்சல் இல்லை, தொந்தரவும் இல்லை, சிறுநீரைக் கல்ச்சர் சோதனை செய்ததில் கிருமி வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் நாள்கணக்கில் இருந்தால் கிருமி வரத்தான் செய்யும், அது நோய் ஆகாது. நிறுத்தச் சொன்னேன். "ஏதாவது ஆச்சுன்னா?" என்றார்கள். நியாயமான பயம்தான், அதனால் எழுதிவிட்டு வந்துவிடாமல் சாயங்காலம் மறுபடி போய்ப் பார்த்தேன். நிறுத்தச் சொல்கிறவர் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த தடவை கேட்பார்கள்.

நவம்பர் 24

மாணவிக்கு என்னைப் போலத் தொற்றுநோய் மருத்துவம் படிக்க ஆசை, வீட்டில் இதயவியல்தான் எடுக்கச் சொல்கிறார்களாம். எம்.டி. முடித்து இன்னும் மூன்று வருடம் டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பும் படித்துவிட்டு, ஸ்டென்ட் வைக்கத் தெரியாமல், எண்டோஸ்கோபி போடத் தெரியாமல் எதை வைத்துப் பிழைப்பாய் என்று அப்பா கேட்கிறார். வருமானம் குறைவுதான், மறைத்துப் பேச எனக்கு மனசில்லை. ஆனால் எந்த உறுப்பில் நோய் என்றாலும் கூப்பிடுவார்கள், எல்லா வார்டுக்கும் போகலாம், ஒவ்வொரு காய்ச்சலும் நோயாளியின் வீடு, தொழில், தண்ணீர் எல்லாவற்றையும் விசாரிக்க வைக்கும். எனக்கு இது அலுத்ததே இல்லை.

டிசம்பர் 1

எய்ட்ஸ் தினம். நேற்றிரவு புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, வகுப்புக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களிடம் டாக்டர் நிர்மலாவைப் பற்றிப் பேசினேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் பி.ஜி.யாக இருந்தபோது, இங்கே எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தேடுவதுதான் பேராசிரியர் சுனிதி சாலமன் அவருக்குக் கொடுத்த தீசிஸ் தலைப்பு. எச்.ஐ.வி. இந்தியாவில் இருக்கவே இருக்காது என்று பலரும் நம்பிய காலம். பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூருக்கே எடுத்துப்போய்ச் சோதித்தார். 1986-இல் நாட்டில் முதன்முதலாகத் தொற்று உறுதியானது அப்படித்தான். ஒரு மாணவியின் தீசிஸ்!

வகுப்பு முடிந்ததும் எங்கள் மாணவி வந்து, "எனக்கும் ஒரு தலைப்பு யோசிச்சிருக்கேன் மேடம்" என்றாள். காய்ச்சலோடு வருகிறவர்களை உடல் முழுக்கப் பார்த்துப் பொருக்கு தேடினால் எத்தனை ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்க்கலாம் என்பது. எழுதிக்கொண்டு வா என்றேன்.

வெள்ளத்தில் நடந்தவர்கள் ஒன்றிரண்டு வாரத்தில் எலிக்காய்ச்சலோடு வர ஆரம்பிப்பார்கள். அதற்கும் டாக்சிசைக்ளின் வேண்டும், நாளைக்கு முதல் வேலையாகக் கையிருப்பைக் கேட்க வேண்டும்.