உருவம் சுவரில் கரையும் இடம்

அரூபமாக, அதாவது எந்தப் பொருளின் உருவமும் இல்லாமல் வெறும் நிறங்களாக, ஒரு பின்னணியைத் தீட்டி முடித்து, அதன்மேல் ஒரு பெண்ணை வரைந்தால் இரண்டும் கலந்துவிடாது. ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்பாள். சுற்றிலும் விளிம்பு ஒரே கூர்மையில் இருப்பதுதான் காரணம்.

கலிபோர்னியாவின் ரிச்சர்ட் டீபன்கார்ன் அரூப ஓவியராகப் பெயர் வாங்கியபின் 1955-இல் உருவத்துக்கு வந்தார். 1967-இல் மறுபடி அரூபத்துக்கே போனார். இடைப்பட்ட படங்களில் சுவர், தரை, ஜன்னல் எல்லாம் பட்டை பட்டையான நிறங்கள். நாற்காலியில் இருப்பவளும் அப்படி நாலைந்து பட்டைகள்தான். அடித்துத் திருத்திய தடங்களையும் அவர் மறைக்கவில்லை.

இப்படி ஆயிலில் வரைந்து பார்க்க 60×75 செ.மீ. கேன்வாஸ் போதும். கரித்துண்டால் தலை, தோள், இடுப்பின் சாய்வை மட்டும் மூன்று கோடுகளில் குறியுங்கள். டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பரில் (அடர் பழுப்பு ஆயில் வண்ணம்) மூன்றே டோன், அதாவது வெளிச்சம்-இருட்டின் மூன்றே அளவு. இரண்டு அங்குலத் தட்டை பிரஷ்ஷால் உடலையும் சுவரையும் சேர்த்தே போடுங்கள். பின்னணியைக் கடைசிக்கு வைக்கவே கூடாது.

கையின் நிழல் பக்கமும் சுவரும் ஒரே டோனில் வரும் இடத்தில் விளிம்பைக் கரைய விட்டுவிடலாம். தொடை, முதுகு போன்ற நீளமான பகுதிகள் கரைந்தாலும் நஷ்டமில்லை. முழங்கை மடிப்பு, மணிக்கட்டு, தாடையின் கோணம் மூன்றையும் கூர்மையாக வையுங்கள். திருப்பங்கள் தெரிந்தால் மிச்ச உடலைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த விளிம்பு, நிறம் வேறாகவும் டோன் ஒன்றாகவும் இருப்பது: காவி மஞ்சள் கை, சாம்பல் பச்சைச் சுவர். போனில் கறுப்பு-வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் மறைந்தால் சரி. ஆளே காணாமல் போனால் டோன்கள் நெருங்கிவிட்டன. வெட்டி ஒட்டியது போலிருந்தால் விலகிவிட்டன.

ஈர ஆயிலில் ஒரே இடத்தை மூன்று நான்கு தடவை தேய்த்தால் சேறுதான். பேலட் நைஃபால் (வண்ணம் கலக்கும் தட்டைக் கத்தி) சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அடியில் அக்ரிலிக், மேலே ஆயில் என்றால் நிற்கும்; மாற்றினால் உரியும். ஆயிலிலும் கீழ்ப் பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப்போக லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் அதிகம். தலைகீழானால் மேல்பூச்சு முதலில் காய்ந்து, அடிப்பூச்சு அசைய அசைய வெடிப்பு விடும்.

முகத்துக்கு வெளிச்சம் ஒன்று, நிழல் ஒன்று என இரண்டு திட்டு போதும். இமையும் கருவிழியும் வரைந்தால் மற்றதெல்லாம் பாதியில் விட்ட வேலையாகத் தெரியும். கண் வேண்டும் என்று பிடிவாதமிருந்தால், அதே அளவு விவரத்தை விரல்களிலோ நாற்காலிக் காலிலோ இன்னொரு இடத்திலும் கொடுங்கள்.