அமெரிக்க விவசாயி மூதாதையைத் தேட நிலப் பதிவுகள்

அமெரிக்கக் கிராமப்புறத்தில் வாழ்ந்த முன்னோரைத் தேடுபவர்கள் பலரும் பெயரை மட்டுமே துரத்துகிறார்கள். ஒரே கவுண்டியில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) அதே பெயரில் மூன்று பேர் தென்பட்டால் தேடல் நின்றுவிடும். அவர்களைப் பிரித்துக் காட்டுவது நிலம்தான்.

ஆனாலும் தொடக்கம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். 72 ஆண்டுகள் கழித்தே ஏடுகள் வெளியாகும் என்பதால் 1950இலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1890 ஏடுகள் 1921 தீ விபத்தில் சிக்கின. கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை. 1880க்கு முன் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தியே கிடையாது. அதே வீட்டில் பதிவான பெண்ணை மனைவி என்று முடிவுகட்டிவிடாதீர்கள், தங்கையாகவும் இருக்கலாம். 1850, 1860இல் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களைத் தனி ஏட்டில், பெரும்பாலும் பெயரே இல்லாமல், வயது, பாலினம், நிறம் போன்றவற்றை மட்டும் எழுதினார்கள். அவர்களைத் தேட, உரிமையாளராக இருந்தவரின் உயிலும் சொத்துப் பட்டியலும் முக்கிய வழி.

1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, அரசு நிலத்தில் 160 ஏக்கர் வரை எடுத்து ஐந்தாண்டு குடியிருந்து பயிர்செய்தவருக்கு நிலம் சொந்தமானது. பட்டாவின் நகலை அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்டா ஒரே பக்கம். வாழ்க்கை இருப்பது வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள நில விண்ணப்பக் கோப்பில். வீட்டின் நீள அகலம், கிணறு, வேலி, உழுத ஏக்கர், பிள்ளைகளின் எண்ணிக்கை என்று அவரே சத்தியம் செய்து சொன்ன விவரங்கள் அதில் கிடைக்கும். சாட்சி சொன்ன இருவர் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்கள். சில சமயம் மைத்துனர்களும்கூட. அவர்கள் பெயரையும் தேடுங்கள். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாள்களும் இருக்கும். பட்டா இல்லையென்றால் கோப்பும் இல்லை என்று நினைக்க வேண்டாம். பாதியில் விட்டுப்போனவர்களின் கோப்புகளும் காப்பகத்தில் உண்டு.

கோப்பைக் கேட்க நில விவரம் சரியாக இருக்க வேண்டும். டவுன்ஷிப் என்பது ஒவ்வொரு பக்கமும் ஆறு மைல் உள்ள நிலச் சதுரம். அதில் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். '14ஆம் செக்‌ஷனின் வடமேற்குக் கால்' என்றால் 160 ஏக்கர். டவுன்ஷிப் எண் (வடக்கு-தெற்கில் எத்தனையாவது), ரேஞ்ச் எண் (கிழக்கு-மேற்கில் எத்தனையாவது) இவற்றோடு, அவை எந்த மெரிடியனிலிருந்து, அதாவது எந்த வடக்கு-தெற்கு அடிப்படைக் கோட்டிலிருந்து, எண்ணப்பட்டவை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் வேறு மாநிலத்து நிலத்தில் போய் நிற்பீர்கள்.

பலர் தொடாமல் விடும் புதையல் ஒன்று உண்டு: 1850 முதல் 1880 வரையான கணக்கெடுப்புகளின் விவசாய ஏடுகள். எத்தனை கறவை மாடு, எத்தனை புஷல் (தானியம் அளக்கும் அளவு) மக்காச்சோளம், எத்தனை பவுண்டு வெண்ணெய் என்று பண்ணை வாரியாக எழுதியிருப்பார்கள். 1870, 1880 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடும்பம் வளர்ந்ததா நொடித்ததா என்பது அதிலேயே தெரியும். மிகச் சிறிய பண்ணைகளைச் சேர்க்கவில்லை என்பதால், பெயர் இல்லாததை வைத்து அவர் விவசாயியே அல்ல என்று சொல்ல முடியாது.

வர்ஜீனியா, கென்டக்கி, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் கூட்டாட்சி அரசு நிலம் வழங்கவில்லை. அங்கே மாநிலக் காப்பகத்தையும் கவுண்டி நீதிமன்றத்தின் கிரயப் பத்திரங்களையும் பாருங்கள். கவுண்டி எல்லைகள் அடிக்கடி மாறியவை; நிலம் நகராமலேயே பத்திரம் பக்கத்துக் கவுண்டியில் பதிவாகியிருக்கும்.