குஞ்சுக்குச் சிங்கப்பூர் வெயில் போதாது

லிம் சூ காங் பக்கம் கோழிப்பண்ணை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பது இதுதான்: "இந்த ஊர் வெயிலுக்குக் குஞ்சுக்கு ஹீட்டர் எதற்கு?" ஒரு நாள் குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வேண்டும். இங்கே பகலில் 32 வந்துவிடும். விடியற்காலையில் 25க்கு இறங்கும், டிசம்பர் மழையில் 23 வரைகூடப் போகும். பகலைத் தாண்டிய குஞ்சு அந்த நேரத்தில்தான் மாட்டிக்கொள்கிறது.

50 குஞ்சை அடைத்துவைக்க ஒன்றரை மீட்டர் விட்டத்தில், 45 செ.மீ. உயரத் தகரத்தை வட்டமாக வளைத்தால் போதும். பெட்டி வேண்டாம். குளிரெடுத்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் செத்துவிடும். மேலே அரை அங்குலக் கம்பிவலை கட்டாயம். எலியும் மலைப்பாம்பும் இங்கே சாதாரணம்.

250 வாட் அகச்சிவப்பு விளக்கு நம் பகலுக்கு மிக அதிகம். சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு 100 வாட் பீங்கான் ஹீட்டர் இரண்டு நல்லது. ஒன்று பழுதானால் இன்னொன்று விடியும்வரை தாங்கும். மின்கம்பியில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள். அறுந்து தரையில் பரப்பிய மரச்சீவலில் விழுந்தால் தீதான். நட்டநடுவில் கட்டாமல் ஒருபக்கமாகக் கட்டினால், சூடு தாங்காத குஞ்சு ஒதுங்க இடம் இருக்கும். வெப்பமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில், தரையிலிருந்து 5 செ.மீ. மேலே வையுங்கள். குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே ஹீட்டரைப் போட்டுவிட வேண்டும், சீவலும் சூடேற வேண்டுமே.

ஆனாலும் கருவியைவிடக் குஞ்சையே நம்புங்கள். ஹீட்டருக்கு அடியில் குவிந்துகொண்டு, ஓயாமல் கத்தினால் குளிர். ஓரத்தில் ஒட்டி, இறக்கை விரித்து, வாய் பிளந்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்துத் தின்றுகொண்டிருந்தால் கை வைக்காதீர்கள்.

நம் ஊரில் குளிரைவிடப் பெரிய பகை ஈரம். மரச்சீவல் 5 செ.மீ. கனம் இருக்கட்டும். வெறும் செய்தித்தாள் வழுக்கும், குஞ்சின் கால் அகன்றுபோகும். தினமும் தண்ணீர்க் குவளையைத் தூக்கி அடியில் பாருங்கள். சீவல் கறுத்துக் கட்டியாகியிருக்கும். அங்கே ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாகவே நின்றால் அன்றே மாற்ற வேண்டும். விட்டுவைத்தால் ரத்தக் கழிச்சல் வரும். அம்மோனியா நெடியை நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. குனிந்து, குஞ்சு மூச்சுவிடும் உயரத்தில் முகருங்கள். குவளையை ஒரு வலைத்தட்டின் மேல் வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

குஞ்சு வந்ததும் தண்ணீர், பிறகுதான் தீனி. நாலைந்து குஞ்சின் அலகை நனைத்துவிட்டால் மற்றவை பார்த்துக் கற்கும். மறுநாள் குஞ்சின் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டால் நிறைந்து மெத்தென்றிருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை, காலியாக இருந்தால் தீனியைக் கண்டுபிடிக்கவில்லை.

வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். மூன்றாம் வாரம் பகலில் ஹீட்டரே தேவைப்படாது. மழைக்கால இரவில் மட்டும், இறகு முழுவதும் மூடும்வரை போட்டுவையுங்கள்.