குரோம் அடிப்பவன் பார்வையில் அணு உலைக் குழாய்

கண்டியில் எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் டிப்பர் லொறிகளின் ஹைட்ரோலிக் தண்டுகளும் தேயிலை பெக்டரிகளில் தேய்ந்துபோன சாஃப்டுகளும்தான். தேய்ந்த இடத்தில் கடினக் குரோம் அடித்து, கிரைண்ட் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து கொடுப்போம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து வரும் மெக்கானிக்மார் மறக்காமல் சொல்வது: "அண்ணே, கொஞ்சம் மொத்தமா அடிச்சி விடுங்க."

மொத்தமாக, அதாவது தடிப்பாக, அடித்தால் அதிக நாள் உழைக்கும் என்று நினைக்கிறார்கள். சாமானைக் குரோமிக் அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சித்தான் குரோம் ஏற்றுவோம். அந்த மின்சாரம் ஓரங்களில்தான் கூடுதலாகப் பாயும். அங்கே குரோம் திரண்டுவிடும், நடுவில் மெலிந்திருக்கும். கடினக் குரோமில் கண்ணுக்குத் தெரியாத நுண் வெடிப்புகளும் இருந்தே தீரும். ஈரம் அவற்றின் வழியே அடியிலுள்ள இரும்பைத் தேடிப் போகும். மேலே பளபளவென்று இருக்கும் தண்டு கீழே துருப்பிடித்து உரிவது இதனால்தான்.

பேராதனையில் பொறியியல் படிக்கும் அக்கா மகன் ஒரு விடுமுறையில் வந்து, "மாமா, அணு உலை எரிபொருள் குழாய்க்கும் இப்ப குரோம்தான் பூசுறாங்க" என்றான். நம்பிக்கையில்லாமல்தான் கேட்க ஆரம்பித்தேன்.

யுரேனியம் ஒட்சைட்டு வில்லைகளை அடுக்கும் குழாய் சிர்கோனியக் கலப்புலோகத்தால் ஆனது. நீளம் சுமார் 4 மீட்டர், சுவர் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அணுப் பிளவைத் தொடரவைக்கும் நியூத்திரன்களை அது அதிகம் விழுங்காது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 300 பாகைக்குச் சற்று மேலான தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் குளிர்விப்பு நின்று வெப்பநிலை 1200 பாகை செல்சியஸை நெருங்கினால் நீராவியோடு வேகமாகத் தாக்கம் புரியும். ஒட்சிசனை எடுத்துக்கொண்டு ஐதரசனை விட்டுவிடும். அந்தத் தாக்கமே மேலும் சூட்டைக் கிளப்பும். 2011 மார்ச்சில் புகுஷிமாவில் கட்டடங்களைத் தகர்த்தது இந்த ஐதரசன்தான்.

குரோமியமோ நீராவியில் மிக மெதுவாகத்தான் ஒட்சியேறும். "அப்ப மொத்தமா அடிக்க வேண்டியதுதானே?" என்று மெக்கானிக்மார் மாதிரி நானும் சீண்டினேன். முடியாதாம். குரோமியம் சிர்கோனியத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் நியூத்திரன்களை விழுங்கும். அதனால் 15 மைக்ரோன், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு அளவில் நிறுத்துகிறார்கள். நாங்கள் ஒரு சாஃப்டுக்கு அடிப்பது அதைப்போல் பல மடங்கு.

அவர்களிடம் தொட்டியும் கிடையாது. அணு எரிபொருள் செய்யும் கம்பனிகளில் பிரான்சின் ஃப்ரமாடோம் வெற்றிடத்தில் குரோமியத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிறது. அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் குரோமியத் தூளை உருக்காமல் வாயு வேகத்தில் சுட்டு ஒட்டவைக்கிறது. அமெரிக்காவில் வோக்டில், பைரன் உலைகளில் 2019இல் இப்படிப் பூசிய குழாய்களைப் போட்டுச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

நான் கேட்டது ஒன்றுதான்: "உள்பக்கம்?" குழாயின் உள்ளே பூச்சில்லை. விபத்தில் அது பலூன்போல் வீங்கி வெடித்தால் நீராவி உள்ளே புகுந்து அங்கிருந்து வேலையைக் காட்டும். போதாக்குறைக்கு, 1330 பாகையளவில் குரோமியமும் சிர்கோனியமும் ஒன்றோடொன்று கலந்து உருகத் தொடங்கிவிடும். ஆகவே இந்தப் பூச்சு தருவது அவகாசம். தண்ணீரைத் திரும்பப் பாய்ச்ச ஆட்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். "விபத்தே வராத எரிபொருள்" என்று யாராவது எழுதினால் நான் நம்பமாட்டேன்.

அன்றாட ஓட்டத்தில் கிடைக்கும் பயன்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தண்ணீரோடு வரும் சிறு உலோகத் துண்டுகள் உரசியும், தாங்கு சட்டங்களில் அதிர்ந்தும் குழாய் தேய்வது குறையும். கம்பனிகள் காசு போடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். எங்களிடம் தண்டு கொண்டுவருபவர்களும் அதற்காகத்தானே வருகிறார்கள்.

கடைசியில் மருமகன் கேட்டான், ஒரு சிர்கோனியத் துண்டுக்கு இங்கேயே அடித்துப் பார்க்கலாமா என்று. காற்றுப் பட்டவுடனே அதன்மேல் ஒட்சைட்டுப் படலம் வந்துவிடும், குரோம் பிடிக்காது. அதை அரிக்க ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேண்டும். குரோமிக் அமிலப் புகையோடு மாரடிப்பதே போதும், அந்தச் சாமானை இந்தப் பட்டறைக்குள் விடமாட்டேன் என்றேன். வெற்றிடப் பூச்சு இயந்திரம் எங்கே இருக்கிறது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறான்.