முள் ஏறாத வான்

"கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரை ஓட விடுங்கள், பாஸ். நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?"

என் கராஜுக்கு வந்த வான்காரர், எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பற்றி அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. தகரப் பேணியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அது கெட்டுப்போனதைக் காட்டியவனே நான்தான். விளிம்பில் 82 பாகை என்று பொறித்திருந்தது. அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் மெழுகு உருகிப் பருத்து வால்வைத் தள்ளத் தொடங்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தபோதும் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்குத்தான் அது வாய் திறந்தது. "திறக்காத கதவை வைத்திருப்பதைவிடக் கதவே இல்லாமல் விடுவது நல்லதுதானே?" என்றார்.

சில எஞ்சின்களில் அது சரியாகவும் இருக்கலாம். இந்த டீசல் எஞ்சினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து, தண்ணீரைக் குறுக்கு வழியில் எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வைக்கிறது. சூடேறியதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கிறது. அதே அசைவில் அதன் அடித்தட்டு குறுக்கு வழியை மூடுகிறது. முழுதாகக் கழற்றிவிட்டால் இரண்டு வழியும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைக் காணாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். கடற்கரை நிலாவெளிக்குப் போய்வரும் ஓட்டத்தில் அது தெரியாது. அவரோ அன்றிரவே ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு நுவரெலியா மலைப்பக்கத்து ரம்பொடை ஆஞ்சநேயர் கோயிலுக்கும் சீதா எலியவுக்கும் போவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

"மலையில் குளிர்தானே, பாஸ்?"

குளிர்தான். ஆனால் அந்த ஏற்றத்தில் வண்டி சின்ன கியரில் ஊர்ந்து ஏறும். எஞ்சின் முக்கி உழைக்கும். முகத்தில் அடிக்கும் காற்று குறையும். அதோடு, கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரை கொதிநிலை 110ஐத் தாண்டி நிற்கும். அவருடைய மூடியின் ரப்பரோ வெடித்திருந்தது. மூடியை மாற்றிக் கொடுத்தேன். ஆண்டுக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியதில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் வெள்ளைப் படிவு கட்டியிருந்தது. அதை ஒரு மாலைப்பொழுதில் என்ன செய்வது?

அந்த அளவுத் தெர்மோஸ்டாட் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்தால் மறுநாள் வரும். அதுவரை வானைத் தர மாட்டேன் என்றேன்.

குறுக்கு வழியை அடைத்துவிட்டுத் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டும் முறை ஒன்று இருக்கிறது. போர்க்காலத்தில் சாமான் கிடைக்காதபோது எனக்குத் தொழில் பழக்கியவர் அப்படித்தான் எத்தனையோ வண்டிகளை ஓட வைத்தார். அதை நான் வான்காரரிடம் சொல்லவில்லை. தெரிந்தேதான் சொல்லவில்லை. இன்றைக்கு மட்டும் என்று செய்துகொடுத்தால், அதைச் சரிசெய்ய யாரும் திரும்பி வருவதில்லை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும், டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பல ஆண்டுகள் இந்தப் பழைய வான்களை நம்பித்தான் எத்தனையோ வீட்டில் உலை கொதித்திருக்கிறது. எஞ்சின் போனால் அவர் எங்கே போவார்?

இப்படி நினைக்கும்போது மனம் சமாதானமாகும். பிறகு அவர் கேட்ட அடுத்த கேள்வி வரும். "லீசிங் தவணையை நீங்களா கட்டுவீர்கள்?" எஞ்சின் அவருடையது. தவணையும் அவருடையது. பயணிகளுக்கு வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். எனக்குத் தெரிந்த இரண்டு வழியையும் முன்னால் வைத்து, முடிவை அவரிடம் விட்டிருக்கலாமா? ஏற்றத்தில் மேல் ஹோஸ் வெடித்து, சிலிண்டர் ஹெட் வளைந்து, பிள்ளைகளோடு நடுச்சாமத்தில் நின்றிருந்தால் என்னிடம்தானே வந்து கேட்பார் என்றும் தோன்றுகிறது.

வானை எடுத்துக்கொண்டு வேறொரு கராஜுக்குப் போனார். அங்கே கழற்றிக் கொடுத்தார்கள். போனார், கும்பிட்டார், ஒரு குறையுமில்லாமல் திரும்பி வந்தார். அவர்கள் குறுக்கு வழியை அடைத்தார்களா, இரவுப் பயணம் கைகொடுத்ததா, நான் மாற்றிய மூடி காப்பாற்றியதா என்று இன்னும் யோசிக்கிறேன். எஞ்சினுக்கு மேலுள்ள சீட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அண்மையில் பிரேக் வேலைக்கு வந்தபோதும் நான் தூக்கிப் பார்க்கவில்லை. அவர் அதைக் கேட்டு வரவில்லை.

தானாகவே சாவியைப் போட்டு, டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைக் காட்டினார். "பாருங்கள் பாஸ், முள் அடியிலேயே நிற்கிறது. சூடே இல்லை." அவருக்கு அது சுகத்தின் அடையாளம். எனக்கு அதுதான் நோய். கூலன்ட் ஊற்றுங்கள், புதுத் தெர்மோஸ்டாட் எடுத்து வைத்திருக்கிறேன், கூலி வேண்டாம் என்றேன். அடுத்த மாதம் பார்ப்போம் என்றார். அடுத்த மாதமும் சொல்வேன். அவர் மறுபடியும் அந்த முள்ளைத்தான் காட்டுவார். ரம்பொடை ஏறி இறங்கிய வானுக்கு முன்னால் நின்று அவரை நம்ப வைக்கும்படி என்ன சொல்வது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.