பழைய புகைபோக்கியில் கேஸ் கீசரின் புகைக்கு வழி அமைத்தபோது

தேன்கனிக்கோட்டையில் மார்கழிக் காலையில் வெந்நீர் இல்லாமல் குளிப்பது எங்கள் வீட்டில் எவருக்கும் இயலாத காரியம். என் சிறு வயதில் கொல்லைப்புறத்தில் ஒரு தாமிர பாய்லர் இருந்தது. அதன் நடுக்குழாயில் கரியும் தேங்காய் மட்டையும் எரியும். சுற்றிலும் உள்ள தண்ணீர் சுடும். புகை அந்தக் குழாய் வழியாகவே மேலே போய்விடும். அது திறந்த வெளியில் இருந்ததால், அதற்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. பிற்பாடு 6 லிட்டர் கேஸ் கீசர் ஒன்றை வாங்கியபோதும் யோசிக்கவில்லை. பொருத்த வந்தவர் அதைக் குளியலறைச் சுவரிலேயே மாட்டிவிட்டுப் போனார். அதற்குப் புகை வெளியேறும் வாய் என்று தனியாக எதுவும் கிடையாது. எரிந்த காற்று முழுவதும் அறைக்குள்ளேயே இறங்கும்.

ஒரு தை மாதக் காலையில், குளித்துவிட்டு வெளியே வந்த அம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைவலியும் குமட்டலும் இருந்தன. பித்தம் என்று எண்ணிச் சுக்குக் காபி கொடுத்தோம். நான்கு நாள் கழித்து என் மனைவிக்கும் அதே போல ஆனபோதுதான் மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, குளியலறையில் எதையாவது எரிக்கிறீர்களா என்பதுதான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் பிரிவில் வேலை செய்யும் என் மைத்துனரிடம் அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன். "மாமா, முதல்ல சிலிண்டரை மூடுங்க, நான் ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றார்.

அவர் வந்ததும் போட்டுக் காட்டிய கணக்கு என்னைத் திடுக்கிட வைத்தது. அந்த அளவு கீசர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயு செலவாகும். ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிவதற்கு 12 கன மீட்டருக்கும் மேல் காற்று வேண்டும். ஏழு அடிக்கு ஐந்தடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள எங்கள் குளியலறையில் இருப்பதே 8 கன மீட்டர் காற்றுதான். ஆக்சிஜன் சற்றுக் குறைந்த உடனேயே சுடர் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகத் தொடங்கும். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் எல்லோரும் 'கேஸ் வாடை வரவில்லையே' என்று நிம்மதியாக இருந்தோம். அந்த வாடை, எரியாத வாயு கசிந்தால் தெரிவதற்காகச் சேர்க்கப்படும் மெர்காப்டனுடையது. எரிந்தபின் உண்டாகும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

குளியலறையில் எந்தக் கீசரும் வேண்டாம் என்பது முதல் முடிவு. புகை வாய் உள்ள வேறொரு கீசரை வாங்கி, இப்போது சாமான் அறையாகிவிட்ட பழைய அடுப்பங்கரையில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் மூலம் குளியலறைக்குக் கொண்டுசெல்வது என்று தீர்மானித்தோம். பாட்டனார் கட்டிய அந்த ஓட்டு வீட்டின் அடுப்பங்கரையில் செங்கல் புகைபோக்கி ஒன்று இருந்தது. கீசரின் வாயை அதற்குள் நீட்டிவிட்டால் வேலை முடிந்தது என்பது என் நினைப்பு. மைத்துனர் தலையசைத்து மறுத்தார். கொத்தனாரை அழைத்து, அடியில் சிறிது ஈர வைக்கோலைக் கொளுத்திப் பார்த்தோம். புகை மேலே போவதற்கு முன்பே பரண் பக்கத்துச் சுவரின் விரிசல்கள் வழியாகக் கசிந்தது. மேலே ஏறிப் பார்த்தால், சமையலுக்கு கேஸ் அடுப்பு வந்த காலத்தில் மழைக்காக யாரோ வைத்த கடப்பைக் கல் பாதி வாயை மூடியிருந்தது. அதன் கீழே பழைய கூடு ஒன்று.

கல்லையும் கூட்டையும் அகற்றிவிட்டாலும் அந்தப் புகைபோக்கி அப்படியே பயன்படாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விறகு அடுப்புக்காக ஓரடிச் சதுரமாகக் கட்டிய துளை, நான்கங்குல வாயிலிருந்து வரும் புகைக்கு மிகவும் அகலம். அதற்குள் புகை பரவிக் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் கனத்து, மேலேறும் வேகத்தை இழக்கும். ஒரு கிலோ எரிவாயு எரியும்போது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அது குளிர்ந்த செங்கல்லில் படிந்து சுவரை ஊற வைத்துவிடும். எனவே புகைபோக்கிக்குள் நான்கங்குல எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாயை மேலிருந்து கீழ்வரை இறக்கினோம். மிச்சம் கிடந்த பி.வி.சி. குழாயைப் போடலாம் என்று கொத்தனார் சொன்னார். அது 80 டிகிரி வெப்பத்திலேயே இளகிவிடும் என்பதால் ஏற்கவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் மேல் குழாயின் நுனி கீழ்க் குழாய்க்குள் செல்லுமாறு பொருத்தினோம். அப்போதுதான் உள்ளே வடியும் நீர் வெளியே ஒழுகாது. கீசரிலிருந்து இரண்டடி நேராக மேலெழுந்த பிறகே முதல் எல்போ, அதாவது வளைவு இணைப்பு. அங்கிருந்து புகைபோக்கி வரையுள்ள சிறு தூரமும் மேல்நோக்கிய சரிவில். குழாயின் தலையை ஓட்டு முகட்டுக்கு மேல் இரண்டடி உயர்த்தி, மழை மூடியும் பறவை நுழையாத கம்பி வலையும் வைத்தோம்.

இவ்வளவும் செய்த பிறகு முதல் சோதனையில் தோற்றோம். கீசரைப் பத்து நிமிடம் எரியவிட்டு, கதவு ஜன்னல்களைச் சாத்தி, அதன் மேற்புறப் புகை மூடியின் விளிம்பில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்தோம். புகை உள்ளே இழுக்கப்பட்டது, மகிழ்ந்தோம். அந்த நேரம் பார்த்து, பக்கத்துச் சமையலறையில் என் மனைவி தாளிப்பதற்காகக் கிச்சன் சிம்னியைப் போட்டார். ஊதுபத்தியின் புகை திரும்பி என் முகத்தில் அடித்தது. நம்மூர்க் கடைகளில் சிம்னி என்று விற்கப்படுவது உண்மையில் ஒரு விசிறி. மணிக்கு 1000 கன மீட்டர் காற்றை இழுக்கக் கூடியது என்று அதன் அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். அது இழுக்கும் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். வேறு வழி இல்லாததால் எங்கள் புதிய குழாய் வழியாகவே கீழே இறங்கியது. மேலேறுவதற்குக் குழாய் அமைத்த நாங்கள், உள்ளே வருவதற்கு வழி அமைக்கவில்லை.

ஆகவே அடுப்பங்கரைக்கும் சமையலறைக்கும் நடுவில் இறுக்கமாக மூடும் கதவு போட்டோம். கொல்லைப்புறச் சுவரில் தரையை ஒட்டி ஓரடிச் சதுரத்துக்கு மூட முடியாத திறப்பு ஒன்றும், கூரையருகே இன்னொன்றும் வைத்தோம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. எப்போதேனும் கசிந்தால் தரையோடு பரவும் என்பதால் கீழ்த் திறப்பு அதற்கும் உதவும். பிறகு விசிறியைப் போட்டும் அணைத்தும் பலமுறை ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தோம். புகை ஒருமுறையும் திரும்பவில்லை. ஐரோப்பிய இ.என். 50291 தரம் குறித்த கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் மாட்டினோம். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவு நீடித்தால் அது 10 முதல் 40 நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். சாதாரணப் புகை அலாரம் இந்த வாயுவைக் காட்டாது.

ஒவ்வொரு ஐப்பசியிலும் குழாயின் மழை மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஊதுபத்திச் சோதனையையும் செய்கிறேன். சென்ற ஆண்டு மார்கழியில், சோதனைக்கான நாள் இல்லாவிட்டாலும், சுடரின் நுனி மஞ்சளாகத் தெரிந்ததால் ஊதுபத்தியைப் பிடித்தேன்; புகை மந்தமாகத் தயங்கியது. அலாரம் இன்னும் ஒலித்திருக்கவில்லை. குனிந்து பார்த்தால், வாடைக்காற்று காலில் அடிக்கிறது என்று அம்மா கீழ்த் திறப்பில் ராகிச் சாக்கு ஒன்றை மடித்துத் திணித்து வைத்திருந்தார். "குளிருது சாமி, ஒரு சாக்குதானே" என்றார். இப்போது அந்தத் திறப்புக்கு உள்பக்கம் அரையடி தள்ளி ஒரு கம்பிக் கூண்டு திருகப்பட்டிருக்கிறது. அம்மாவுக்கு அந்த அறையில் உட்காரக் கம்பளி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.